திரும்பும் வழியில் புனித சவேரியார்



திருத்தணி மலைக்கோயிலுக்கு ஆண்டின் நாள்களைப் போல 365 படிகள் என்பது நம் பகுதியில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். மலையேறுகிற அடியார்கள் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இறங்கும்போது பாட்டு குறைந்துவிடும். முழங்கால் வலிக்கும், பிள்ளை அழும், கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற கவலை வேறு. நம்முடைய வேளாங்கண்ணி நடைப்பயணமும் இப்படித்தான். போகும்போது கொடியும் செபமாலையும் பாடலுமாகப் போகிறோம். திரும்பும்போது களைப்பும் கொப்புளம் கண்ட கால்களும்தான் மிச்சம். திருப்பயணம் முடிந்துவிட்டது, இனி வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மறைபரப்புப் பணிக்காகக் கடல் கடந்து சென்ற பெரியவர்களைப் பற்றிப் பேசும்போதும் நாம் இதையே செய்கிறோம். அவர்கள் போன கதையைச் சொல்கிறோம். திரும்பி வந்த கதையைச் சொல்வதில்லை. புனித பிரான்சிஸ் சவேரியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இல்லை. கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தவர், கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் என்று அறிவோம். ஆனால் அவருடைய பத்து ஆண்டு கால ஆசியப் பணியில் ஒரு பெரும் பகுதி, பயணத்திலும் காற்றுக்காகக் காத்திருப்பதிலும் கழிந்தது. அப்பயணங்களில் திரும்பி வந்த பயணங்கள் குறிப்பாகத் துன்பம் நிறைந்தவை. அந்த வழியில் நின்று அவருடைய வாழ்வை ஒருமுறை பார்ப்போம்.

கோட்டையிலிருந்து கோவா வரை

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடக்கிலுள்ள நவார் பகுதியில், சவேரியர் கோட்டையில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே அரசியல் பகையின் காரணமாகக் கோட்டையின் மதில்கள் இடித்துத் தள்ளப்பட்டன. 1525இல் படிப்பதற்காகப் பாரிஸ் சென்றார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர் பீட்டர் பேபர். பிறகு அதே அறைக்கு வந்து சேர்ந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, பாரிசின் மோன்மார்த்தர் குன்றில் நண்பர்கள் எழுவரும் இறைவனுக்கு வாக்குறுதி தந்தார்கள். இயேசு சபையின் தொடக்கம் அதுதான். 1537இல் வெனிசு நகரில் சவேரியார் குருவானார்.

இந்தியாவுக்கு அனுப்ப முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் அல்லர். போக வேண்டியிருந்த பொபதில்லா என்னும் தோழர் நோயில் விழுந்தார். அவருக்குப் பதிலாக 1540 மார்ச்சில், ஓரிரு நாள் முன்னறிவிப்போடு, சவேரியார் ரோமிலிருந்து புறப்பட்டார். 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தமது 35ஆம் பிறந்தநாள் அன்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார்.

ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடியக்கூடிய அப்பயணத்துக்கு அவருக்கு 13 மாதங்கள் ஆயின. ஆப்பிரிக்கக் கரையில் காற்று நின்றுபோனதும், பருவம் தவறியதும் காரணம். மொசாம்பிக்கில் அடுத்த பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. அந்த நாள்களில் அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார், அவர்களுடைய துணிகளைத் துவைத்தார், இறுதியில் தாமும் காய்ச்சலில் விழுந்தார். 1542 மே 6 அன்று கோவா வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நம் தமிழ்க் கடற்கரைக்கு, முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

பயனின்றித் திரும்பிய தோணிகள்

சவேரியாரின் வாழ்வில் நெஞ்சை உலுக்கும் ஒரு திரும்புதல், நம் மணப்பாட்டில் நடந்தது. 1544ஆம் ஆண்டு ஜூன் மாதம். வடக்கிலிருந்து வந்த குதிரைப்படையினர் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடலோர ஊர்களைச் சூறையாடினார்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்கள் உயிர் தப்பக் கடலுக்குள் ஓடி, கரைக்கு அப்பாலுள்ள பாறைகளில் ஏறி நின்றார்கள். மேலே சுடும் வெயில், சுற்றிலும் உப்புநீர். உண்ணவும் குடிக்கவும் இல்லாமல் அங்கேயே சிலர் மடிந்தார்கள்.

செய்தி கேட்ட சவேரியார் 20 தோணிகளில் உணவும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து குமரிமுனைக்குப் புறப்பட்டார். தோணி என்ற நம் சொல்லையே அவருடைய கடிதங்களிலும் காண்கிறோம். ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கரையோர மக்கள் கச்சான் என்று சொல்லும் காற்று முகத்தில் அறைந்தது. துடுப்பு வலித்தும் முடியவில்லை. எட்டு நாள் கடலில் போராடிவிட்டு, பாறைகளில் தவித்த மக்களைச் சென்றடையாமலேயே மணப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்தத் தோல்விக்கு எந்த அழகான விளக்கமும் இல்லை. சவேரியார் வேண்டினார், ஆனால் காற்று மாறவில்லை. புதுமைகளின் புனிதர் என்று நாம் போற்றுகிற ஒருவருடைய வாழ்வில், உணவு நிறைந்த தோணிகள் பசித்தவர்களிடம் போகாமல் திரும்பின. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரே மறைக்காமல் தம் தோழருக்குக் கடிதத்தில் எழுதினார்.

அவர் செய்தது ஒன்றுதான். கடல்வழி மூடியபோது கால்நடையாகப் போனார். மணப்பாட்டிலிருந்து கரையோரமாக மணலில் நடந்து, சூறையாடப்பட்ட மக்களைச் சென்று கண்டார். வழியில் அவர் பார்த்தவை அவரை மிகவும் வருத்தின. உணவில்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், இறந்து கிடந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்த பட்டங்கட்டிகளுக்கு எழுதி, ஏழைகளுக்காக உதவி திரட்டச் செய்தார். எட்டு நாள் வீணானதற்காக அழுதுகொண்டு மணப்பாட்டிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உட்காரவில்லை.

நாகையிலிருந்து மயிலைக்கு

அடுத்த ஆண்டும் காற்று அவரைத் திருப்பி அனுப்பியது. 1545ஆம் ஆண்டு புனித வாரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்குக் கப்பலில் புறப்பட்டார். வானிலை மோசமாகி, கப்பல் மீண்டும் நாகப்பட்டினத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் மறுபடியும் கால்நடையாகக் கிளம்பினார். சோழமண்டலக் கரையோரமாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து, திருத்தூதர் தோமாவின் கல்லறையை அடைந்தார்.

இன்று திருத்தணியிலிருந்து காலை மின்தொடர் வண்டியில் ஏறினால், மதியத்துக்குள் சாந்தோம் பேராலயத்தில் முழந்தாளிட்டு வேண்டலாம். தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. அதே கல்லறையருகே சவேரியார் ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கினார். இரவு நேரங்களில் அங்கே நெடுநேரம் வேண்டினார். தமிழ்க் கரையிலேயே தங்குவதா, கிழக்கே இன்னும் நற்செய்தி அறியாத தீவுகளுக்குச் செல்வதா என்ற கேள்வி அவர் மனத்தில் இருந்தது. தெளிவு கிடைத்தபின், அவ்வாண்டே மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து 1546இல் மொலுக்கஸ் தீவுகளுக்குச் சென்று, ஒன்றரை ஆண்டு அளவில் பணியாற்றினார்.

ஊர் போய்ச் சேராத ஜப்பானியர்

1547ஆம் ஆண்டு அவர் மலாக்காவுக்குத் திரும்பி வந்தார். இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்த டிசம்பர் மாதத்தில், ஒரு திருமணம் நடத்திவைத்துவிட்டுக் கோயிலில் நின்றபோது, ஓர் அந்நியரை அவரிடம் அழைத்து வந்தார்கள். அவர் பெயர் அஞ்சிரோ. ஜப்பானின் ககோஷிமா நகரைச் சேர்ந்தவர்.

அஞ்சிரோவின் கதையும் வீடு திரும்ப முடியாத ஒருவரின் கதைதான். தம் ஊரில் ஒருவரைக் கொன்றுவிட்டு, போர்த்துக்கீசியக் கப்பலில் தப்பி வந்தவர் அவர். மனச்சாட்சி அவரை விடவில்லை. பாவ மன்னிப்பைப் பற்றிப் பேசும் ஒரு குரு மலாக்காவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சவேரியாரைத் தேடி மலாக்கா வந்தார். அப்போது சவேரியார் மொலுக்கஸ் தீவுகளில் இருந்தார். அங்கிருந்த பங்குக் குரு அவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தயங்கினார். ஏமாற்றத்தோடு அஞ்சிரோ ஊருக்குக் கப்பலேறினார்.

கப்பல் சீனாவைக் கடந்து, ஜப்பானியக் கரையை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் பெரும்புயல் எழுந்து, கப்பலைத் திரும்பவும் சீனக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அங்கே சந்தித்த ஒரு போர்த்துக்கீசியர், சவேரியார் மலாக்காவுக்குத் திரும்பியிருப்பார் என்று சொன்னார். அஞ்சிரோ மறுபடியும் தெற்கே வந்தார். இந்த முறை இருவரும் சந்தித்தார்கள்.

அந்தப் புயல் இல்லாதிருந்தால் அஞ்சிரோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சவேரியார் அவரைக் கண்டிருக்க மாட்டார். ஜப்பானைப் பற்றி அஞ்சிரோ சொன்னவற்றைக் கேட்ட பிறகுதான், அந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் சவேரியாருக்குள் உறுதிப்பட்டது. 1548ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழா அன்று, கோவாவில் அஞ்சிரோ பவுல் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1549இல் சவேரியாரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி அவரே.

இந்தக் கதை இங்கேயே இனிமையாக முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சவேரியார் ககோஷிமாவை விட்டுச் சென்றபின், அஞ்சிரோ தம் ஊரில் நிலைத்திருக்க முடியாமல் வெளியேறி, சீனக் கரையில் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குத் திரும்பியும் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் திறந்த வாசல் மூடவில்லை.

மூன்று பகலும் மூன்று இரவும்

அஞ்சிரோவைச் சந்தித்த அதே டிசம்பரில் சவேரியார் மலாக்காவிலிருந்து கொச்சிக்குத் திரும்பினார். அஞ்சிரோ வேறொரு கப்பலில் வந்தார். அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. கிழக்கிலிருந்து இந்தியாவுக்கு வர, டிசம்பர், ஜனவரியில் வீசும் வடகிழக்குக் காற்றுதான் துணை. அதைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காற்றே புயலாக மாறினால் ஒதுங்க இடமில்லை.

இந்த முறை புயல் மூன்று பகலும் மூன்று இரவும் விடாமல் அடித்தது. உயிர் பிழைக்க, கப்பலிலிருந்த சரக்குகளில் முடிந்ததையெல்லாம் கடலில் எறிந்தார்கள். பயணிகள் தங்கள் சாவுக்காகத் தாங்களே அழுதார்கள். இம்முறை தப்பினால் இனி ஒருநாளும் கப்பல் ஏறுவதில்லை என்று பலர் நேர்ந்துகொண்டார்கள்.

கரை சேர்ந்தபின் 1548 ஜனவரி 20 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அந்த இரவுகளில் தாம் என்ன செய்தார் என்பதைச் சவேரியார் தம் தோழர்களுக்கு விவரித்திருக்கிறார். முதலில் இயேசு சபைத் தோழர்களுடைய செபங்களில் தம்மை ஒப்படைத்தார். பிறகு உலகெங்குமுள்ள திருச்சபையின் வேண்டல்களில் தம்மை ஒப்படைத்தார். அதன்பின் விண்ணகத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். அவர்களில் முதலாவதாக அழைத்தவர், தம்மோடு பாரிசில் ஒரே அறையில் படித்த பீட்டர் பேபர். அவர் 1546இல் இறந்திருந்தார். திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது 2013இல்தான். ஆனால் 465 ஆண்டுகளுக்கு முன்பே, மூழ்கப்போகும் கப்பலில் நின்று ஒரு நண்பர் அவரிடம் பரிந்துரை வேண்டினார்! வானதூதர்களையும் புனிதர்களையும் அழைத்து, நிறைவாக அன்னை மரியாவின் பாதுகாவலை நாடினார்.

பிறகு அவர் கேட்ட வரம்தான் நம்மைத் திகைக்க வைக்கிறது. உடன் வந்தவர்கள் இனி கடலே வேண்டாம் என்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். சவேரியாரோ, இந்த ஆபத்திலிருந்து இறைவன் தம்மைக் காப்பாற்றினால், அவருடைய பணிக்காக இதைப் போன்ற, இதைவிடப் பெரிய ஆபத்துகளுக்குள் மீண்டும் செல்வதற்காகவே காப்பாற்ற வேண்டும் என்று மன்றாடினார். அவர் அச்சமற்றவர் அல்லர். தம் பாவங்களை நினைத்து அழுததையும் எழுதியிருக்கிறார். அந்த அழுகைக்கிடையேதான் இந்த வரத்தைக் கேட்டார்.

கொச்சியில் இறங்கியது ஜனவரி 13. ஓய்வெடுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பிப்ரவரியில் அவர் மணப்பாட்டில் இருந்தார். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய குருக்களையும் சகோதரர்களையும் அங்கே ஒன்றுகூட்டினார். மக்களின் அன்பைப் பெறும்படி நடக்க வேண்டும், இந்த மண்ணின் கிறிஸ்தவர்களைப் பற்றிப் போர்த்துக்கீசியரிடம் குறை பேசக் கூடாது என்று அறிவுறுத்தினார். நம்பிக்கை அறிக்கையின் விளக்கத்தைத் தமிழில் பெயர்க்க ஏற்பாடு செய்தார். அந்நாளில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த என்றிக்கஸ் அடிகளார், முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தந்தவர். இந்திய மொழிகளில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது. புயலில் தப்பி வந்தவரின் கால்கள் நேராக நம் கரைக்கு வந்தன என்பதை எண்ணும்போது, நாம் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஜப்பானிலிருந்து திரும்பிய வழி

1549 ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவில், சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். ஜப்பானில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பனியில் நடந்தார், மொழியோடு போராடினார், தலைநகர் மியாக்கோ வரை சென்றும் மன்னரைக் காண முடியாமல் திரும்பினார். அந்தக் காலம் முழுவதும் இந்தியாவிலிருந்து அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. தாம் விட்டுவந்த பணித்தளங்கள் என்ன ஆயின என்ற கவலை அவரை அரித்தது. 1551 நவம்பரில் புங்கோ துறையிலிருந்து ஒரு போர்த்துக்கீசியக் கப்பலில் திரும்பினார். நான்கு ஜப்பானிய இளைஞர்களையும் உடன் அழைத்து வந்தார். அவர்கள் கிறிஸ்தவ நாடுகளைக் கண்டு, திரும்பிப்போய்த் தம் மக்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

நடுக்கடலில் மீண்டும் பெரும்புயல். கப்பலின் பின்னே கட்டியிருந்த சிறு படகு, அதிலிருந்த ஆள்களோடு கயிறு அறுந்து இருட்டில் மறைந்தது. எல்லாரும் அவர்கள் இறந்துவிட்டதாகவே எண்ணினார்கள். சவேரியார் மட்டும் வேண்டிக்கொண்டே இருந்தார். படகு திரும்பி வரும், பொறுத்திருங்கள் என்று கப்பலில் இருந்தவர்களைத் தேற்றினார். படகும் வந்து சேர்ந்தது, ஆள்களும் பிழைத்தார்கள். அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான விசாரணைகளில் நினைவுகூரப்பட்ட நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

சீனக் கரையருகே சான்சியான் தீவில் கப்பல் நின்றபோது, நண்பர் தியோகு பெரைராவைச் சந்தித்தார். சீனச் சிறையில் வாடிய போர்த்துக்கீசியர் சிலர் எழுதிய கடிதத்தைப் பற்றி அறிந்தார். அவர்களை மீட்கவும் சீனாவில் நற்செய்தி அறிவிக்கவும் ஒரு தூதுக்குழு செல்ல வேண்டும் என்ற திட்டம் அந்தத் திரும்பும் வழியில்தான் உருவாயிற்று.

திரும்பி வந்த வீட்டிலோ துயரச் செய்திகள் காத்திருந்தன. அவர் இல்லாத காலத்தில், 1549இல், முத்துக்குளித்துறைப் பணியின் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் தம் மக்களைக் காக்க முயன்றபோது கொல்லப்பட்டிருந்தார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். கோவாக் கல்லூரியில் நம் நாட்டு மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். 1552 ஜனவரி 24இல் கொச்சிக்கும் பிப்ரவரியில் கோவாவுக்கும் வந்த சவேரியாருக்கு, வரவேற்பைவிட வேலைதான் அதிகம் கிடைத்தது. தவறு செய்தவர்களைத் திருத்தினார், பொறுப்புகளை மாற்றி அமைத்தார். ஏறக்குறைய இரண்டே மாதத்தில், ஏப்ரலில், மீண்டும் கப்பலேறினார்.

உடன் வந்த ஜப்பானிய இளைஞர்களில் மத்தேயு கோவாவிலேயே இறந்தார். பெர்னார்து ஐரோப்பா சென்றார். அங்கே காலடி வைத்த முதல் ஜப்பானியர் அவரே. ரோம் வரை சென்று, 1557இல் போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிராவில் இறந்தார். இருவரும் தம் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாமதமாக எழுதப்பட்ட அழைப்பு

சீனப் பயணம் மலாக்காவிலேயே சிக்கிக்கொண்டது. கடற்படைத் தலைவராயிருந்த அல்வாரோ த அத்தாயிது தூதுக்குழு செல்லத் தடை விதித்து, கப்பலின் சுக்கானையே பறித்து வைத்துக்கொண்டார். பெரைரா பின்தங்க, சவேரியார் தூதுக்குழு இல்லாமலே சான்சியான் சென்றார். தம்மை இரகசியமாகச் சீனாவுக்குள் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்ட வணிகருக்காகக் கரையில் காத்திருந்தார். அவர் வரவில்லை. குளிர் கூடியது, மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நவம்பர் 21 அன்று காய்ச்சல் கண்டது. 1552 டிசம்பர் 3 அதிகாலையில், ஓலைக் குடிசை ஒன்றில், அந்தோணி என்ற சீனக் கிறிஸ்தவர் அருகிருக்க, சவேரியார் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 46.

உடலைச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தார்கள். தசை விரைவில் அழிந்தால் எலும்புகளையாவது இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம் என்பது எண்ணம். 1553 பிப்ரவரியில் கப்பல் புறப்படும் நேரத்தில் தோண்டியபோது, உடல் அழியாமல் இருந்தது. மார்ச்சில் அது மலாக்கா வந்தது. 1554 மார்ச்சில் கோவா வந்து சேர்ந்தபோது நகரமே துறைக்குத் திரண்டது. உயிரோடு திரும்பிய பயணங்களில் கிடைக்காத வரவேற்பு அது.

ஆனால் இதற்கிடையே நடந்த ஒன்றை நாம் மறக்கக் கூடாது. 1553 ஜூன் 28 அன்று, ரோமிலிருந்து புனித இஞ்ஞாசியார் சவேரியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியப் பணியின் தேவைகளை மன்னரிடமும் திருத்தந்தையிடமும் நேரில் எடுத்துச் சொல்ல, ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அதில் கட்டளையிட்டிருந்தார். பதின்மூன்று ஆண்டுகளாகச் சவேரியார் தம் தந்தையாக எண்ணி, முழந்தாளிட்டுக் கடிதம் எழுதியது இஞ்ஞாசியாருக்குத்தான். அந்தக் குரல் அவரை வீட்டுக்கு அழைத்தபோது, அவர் இறந்து ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ரோமுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஈராண்டுக்கு மேல் ஆன காலம் அது.

1622 மார்ச் 12 அன்று, இருவரும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். 1540இல் ரோமில் பிரிந்த நண்பர்கள் இவ்வுலகில் பிறகு சந்திக்கவே இல்லை. விண்ணக வீட்டில்தான் சந்தித்தார்கள் என்பது நம் நம்பிக்கை.

நம் சிந்தனைக்கு

மால்தா தீவில் கப்பல் உடைந்து கரையேறிய திருத்தூதர் பவுல், நனைந்த உடையோடு முதலில் செய்த வேலை, எல்லாரும் குளிர்காய விறகு பொறுக்கியது என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. சவேரியாரும் அதே வழியில் நடந்தார். தடைப்பட்ட பயணத்தை வீணான பயணம் என்று அவர் ஒதுக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்தப்பட்டாரோ அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தார்.

நம் பங்குகளிலிருந்து இன்று எத்தனையோ பேர் வெளியூர் போகிறார்கள். வட மாநிலங்களில் பணியாற்றும் அருள்சகோதரிகள், வளைகுடா நாடுகளில் உழைக்கும் இளைஞர்கள், திருநாடுகளுக்குச் செல்லும் திருப்பயணிகள். போகும்போது பங்கே கூடி ஆசீர் வழங்குகிறது. திரும்பும்போது என்ன நடக்கிறது? விமானம் தவறி, தெரியாத நகரில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வேலை இழந்து, கடனோடு தலைகுனிந்து வருகிறவர்கள் உண்டு. பல ஆண்டு பணிக்குப் பின் உடல்நலம் கெட்டுத் திரும்பும் துறவியர் உண்டு. அவர்களுக்கு மாலையோ மேளமோ இருப்பதில்லை. சில வேளைகளில் நிலையத்துக்குச் சென்று அழைத்துவரக்கூட ஆள் இருப்பதில்லை.

ஆகவே டிசம்பர் 3ஆம் நாள் புனிதரின் விழாவைக் கொண்டாடும்போது இரண்டு காரியங்களை மனத்தில் கொள்வோம். ஒன்று, நம் திட்டம் தடைப்பட்டு நாம் திரும்ப நேரும்போது, மணப்பாட்டுத் தோணிகளை நினைப்போம். அவை பாறையை அடையவில்லை. ஆனால் அவற்றில் சென்றவர் நடந்தாவது போனார். மற்றொன்று, களைத்துத் திரும்புகிற ஒருவரை நம் தெருவில் கண்டால், என்ன கொண்டு வந்தாய் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேட்போம்.

செபிப்போம்: அன்பு இறைவா, கடலிலும் கரையிலும் உம் ஊழியர் சவேரியாரோடு நடந்தீரே. இன்று வீடு திரும்பும் வழியில் இருக்கிற அனைவரோடும் நடந்தருளும். வழி தவறியவர்களுக்கு வழித்துணையாக இரும். வீடு சேர முடியாமல் அயல் மண்ணில் இறந்த எங்கள் சகோதர சகோதரிகளை உம் நிலையான இல்லத்தில் ஏற்றுக்கொள்ளும். ஆமென்.